விடாது கருப்பு... மூணாவது தடவை!

(எச்சரிக்கை: 'மர்மதேசம் - விடாது கருப்பு' இன்னும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வரவும். முடிவு இங்கே போட்டு உடைக்கப்படுகிறது. அப்புறம் திட்டக்கூடாது!)

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. அரியலூர் பக்கம் ஒரு கிராமத்து ஓட்டு வீடு. நடுவீட்டில் ஒரு முக்காலி, முக்காலி மேல் தண்ணிச் சொம்பு, சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். அதற்கு முன்னால் மூணு பேர், மூணு தலைமுறை. அம்மாயிக்கு எழுபதுக்கு மேல். அம்மாவுக்கு நாற்பத்து நாலு. அவளுக்குப் பத்தொன்பது. டைட்டில் மியூசிக் ஆரம்பித்ததும் அம்மாயி கட்டிலில் இருந்து தொங்கவிட்ட காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வார். கீழே விட்டால் கருப்பு பிடித்து இழுத்துவிடுமாம்!

நாலாவதாக ஒருவரும் உண்டு. திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருக்கும் மாமா. தூங்குகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் சவுண்டைக் குறைத்தால் "ஏன் பாப்பா கொறச்ச?" என்று அங்கிருந்து குரல் வரும்.

அவள் பெரம்பலூரில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். சனிக்கிழமை மதியம் அம்மாவோடு அரியலூர் பஸ் ஏறுவது, ஞாயிறு சாயங்காலம் திரும்புவது என்று நாலு மாசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு நாளில் ராத்திரிக்கு நாலு எபிசோடு. போன வாரத்தோடு கடைசி எபிசோடும் முடிந்துவிட்டது. அவள் இந்த சீரியலை முழுசாகப் பார்ப்பது இது மூணாவது தடவை. "முடிவு தெரிஞ்ச மர்மத் தொடரை மூணு தடவை பாக்குற ஒரே லூசு நீதான்" என்று கிளாஸ்மேட்ஸ் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்த சீரியல் வேறாகவும் வீட்டில் பார்த்த சீரியல் வேறாகவும் இருந்தது. அந்தக் கதைதான் இது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்

தெரியாதவர்களுக்கு: 'மர்மதேசம்' தொண்ணூறுகளில் சன் டிவியில் வாரம் ஒரு நாள் வந்த தொடர். பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு. கதை, மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் (2024 நவம்பரில் காலமாகிவிட்டார்). இயக்கம் நாகா, பின்னாளில் 2010ல் 'ஆனந்தபுரத்து வீடு' படம் எடுத்தவர். முதலில் 'ரகசியம்' வந்தது, நவபாஷாண லிங்கமும் பைரவர் கோயிலும் நாயுமாக. அடுத்து 'விடாது கருப்பு'. நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜத்திலும் கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கதை ரொம்ப சிம்பிள் மாதிரி இருக்கும். ஒரு கிராமம். காவல் தெய்வம் கருப்பு. தப்பு பண்ணினவனுக்கு ராத்திரியில் தண்டனை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் ஒரு உயிர் போகப்போகிறது என்று அர்த்தம். இதை அப்படியே நேர்கோட்டில் சொல்லாமல் இரண்டு காலத்தை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் ராஜேந்திரன் சின்னப் பையன், கூடவே பேச்சிக் கிழவி. இன்னொரு காலத்தில் அவன் வளர்ந்த ஆள். இந்தக் காலத்தில் பார்த்தாலும் எந்த சீன் எந்த வருஷம் என்று கொஞ்சம் அசந்தால் தலை சுற்றும். அந்தக் காலத்தில், ரீவைண்ட் பட்டன் இல்லாமல், ஒரு வாரம் காத்திருந்து பார்த்தவர்களுக்குக் கோயில்தான் கட்டணும்.

அப்படிப் பார்த்தவர்களில் இரண்டு பேர் அம்மாவும் மாமாவும். அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. கேபிள் இருந்தது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில்தான். போகும்போது ஓட்டம், வரும்போது அதைவிட ஓட்டம். அம்மாவுக்கு அப்போது பதினஞ்சு பதினாறு வயசு, தம்பிக்குப் பத்துப் பதினொண்ணு. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்ததும் தம்பிக்காரன் இரண்டு கொட்டாங்குச்சியை எடுத்துத் தரையில் தட்டுவானாம். டொக்கு டொக்கு டொக்கு டொக்கு... அம்மா அலறுவாராம். தாத்தா எழுந்து இரண்டு பேரையும் சாத்துவாராம்.

ஆனால் கடைசி எபிசோடு வந்த ராத்திரி ஊரில் கரண்ட் இல்லை. அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தோழிகள் கதை சொல்லிவிட்டார்கள். மாமா காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாத, நான் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் பார்க்கவே இல்லை. பதினெட்டு வயசில் லாரியில் கிளீனராகப் போனார். அப்புறம் டிரைவர். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடிப்பது. அரியலூர் ரோட்டோர மரங்களின் இலை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டால் "மாமா லாரி போயிருக்கு" என்பது அவள் சின்ன வயசு ஜோக்.

முதல் தடவையும் ரெண்டாம் தடவையும்

அவள் முதலில் பார்த்தது 2020 லாக்டவுனில், யூடியூப்பில். அதற்கு முன்னால் அவளுக்கு அமானுஷ்யம் என்றால் 2017ல் சன் டிவியில் ஆரம்பித்த 'நந்தினி'தான். அதில் பாம்பு என்றால் பாம்பு, பேய் என்றால் பேய். கிராஃபிக்ஸில் கண் பச்சையாகும். பயமே வராது. பக்கத்தில் பாப்கார்ன் இருந்தால் போதும். 'விடாது கருப்பு'வில் கிராஃபிக்ஸ் எல்லாம் ஒன்றும் பெரிசாக இல்லை. இருட்டு, காற்று, சத்தம், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குக் கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. அந்த முதல் தடவை அவள் பார்த்தது வெறும் பயம்.

இரண்டாம் தடவை காலேஜ் முதல் வருஷம். முடிவு தெரியும் என்பதால் இப்போது துப்பறியும் வேலை. எந்த சீனில் க்ளூ வைத்திருக்கிறார்கள், யார் முகத்தைக் காட்டாமல் தவிர்க்கிறார்கள், யார் எந்த நேரத்தில் ஊரில் இல்லை... நோட்டுப் போட்டு எழுதினாள். அப்போது கவனித்த ஒரு விஷயம்: இந்திரா சௌந்தர்ராஜன் இதை நாவலாக எழுதியபோது பெயர் 'விட்டு விடு கருப்பா'. டிவிக்கு வரும்போது 'விடாது கருப்பு'. ஒன்று கெஞ்சல். இன்னொன்று மிரட்டல். "டிவிக்கு மிரட்டல்தான் எடுபடும் போல" என்று நோட்டில் எழுதி ஒரு ஸ்மைலி போட்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூணாவது தடவை

மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது இந்த வருஷ ஆரம்பத்தில். முதலில் தூக்கம் போனது. பிறகு லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார் என்று கிளீனர் பையன் வந்து சொன்னான். யாரிடம் என்று அம்மாயி கேட்டபோது மாமா சொன்னது: "கருப்பு பேசுது."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அம்மா. இன்னொன்று அவள். அந்த வீட்டுக் குலதெய்வம் கருப்பு கிடையாது. கருப்பு அந்த வீட்டுக்குள் வந்ததே பக்கத்து வீட்டு டிவி வழியாகத்தான்.

ஊருக்கு அது தெரியாதே. முதல் ஒரு மாசம் மரியாதைதான்! "சாமி இறங்கியிருக்கு" என்று நாலு பேர் வந்து குறி கேட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் தெருவில் நடக்க ஆரம்பித்ததும், சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்டதும் மரியாதை போய்விட்டது. அப்புறம் பயம். குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு சொந்தக்காரர் வந்து, "ஒரு எடம் இருக்கு. கொண்டுபோய் விட்டா அவங்களே பாத்துக்குவாங்க. கட்டித்தான் வப்பாங்க, ஆனா செலவு கம்மி" என்றார்.

அம்மாயி அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுச் சொன்ன பதில்: "மாட்டத்தான்யா கட்டுவாக. அதையும் வெயிலு ஏறுனா அவுத்து நெழல்ல கட்டுவாக."

அவளுக்கு அந்த வார்த்தை கேட்டதும் ஞாபகம் வந்தது ஏர்வாடி. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தந்ததில்லை, எங்கேயோ படித்தது. 2001 ஆகஸ்ட் 6ந்தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். ஓடித் தப்பிக்க முடியவில்லை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட இடங்களை மூடச் சொல்லி உத்தரவுகள் வந்தன. 2017ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது. சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்தும் "கட்டித்தான் வப்பாங்க" என்று ஒருவர் மோர் குடித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் கரண்ட் வந்து, யாருக்கும் தூக்கம் வராமல், அம்மா சும்மா சொன்னார்: "அந்த சீரியலப் போடேன். அவன் சின்னப்புள்ளையில பாத்தது."

போடலாமா கூடாதா என்று அவளுக்குப் பெரிய குழப்பம். "கருப்பு பேசுது" என்கிற ஆள் வீட்டில் கருப்பு சீரியலா? ஆனால் திண்ணையில் இருந்து மாமாவே, "போடு பாப்பா" என்றார்.

மூணு பேர், மூணு ரியாக்‌ஷன்

இந்தத் தடவை அவளுக்கு பயம் வேறு இடத்தில் வந்தது. குதிரைச் சத்தத்தில் வரவில்லை, கொலையில் வரவில்லை. அந்தச் சின்னப் பையன் ராஜேந்திரன் வருகிற சீன்களில் வந்தது. பெரியவர்கள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாமி தண்டிக்கும் என்பார்கள். அவன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பான். முதல் இரண்டு தடவையும் அந்த சீன்களை "சீக்கிரம் கருப்பு வாப்பா" என்று ஸ்கிப் பண்ணியிருக்கிறாள்! அந்த ஓரத்தில்தான் முழுக் கதையும் நடந்துகொண்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அங்கே கேட்டதும் பார்த்ததும்தான் வளர்ந்து, பெரியவனுக்குள் இன்னொரு ஆளாக எழுந்து நிற்கிறது.

கடைசி எபிசோடுகளில் அதுதான் அவிழ்கிறது. வெளியில் இருந்து குதிரையில் வந்த சாமி இல்லை. ராஜேந்திரனுக்குள் இருக்கும் இன்னொருவன். மனநோய்.

அம்மாவுக்கு இந்த முடிவு அப்போதும் பிடிக்கவில்லையாம், இப்போதும் பிடிக்கவில்லை. "இத்தன நாளு சாமி சாமின்னு காட்டிட்டு, கடைசில டாக்டர் வந்து வெளக்கம் குடுத்தா எப்படி இருக்கும்? சப்புனு ஆயிடுச்சு" என்றார்.

அம்மாயி சீரியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ளகிட்ட ஒருத்தராச்சும் பக்கத்துல உக்காந்து என்னாடா தம்பின்னு கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

அவளுக்கோ வேறு கோபம். இத்தனை அருமையாக எடுத்த சீரியல், மனசு சரியில்லாத ஆளைக் கடைசியில் கொலைகாரனாக்கித்தான் நிறுத்துகிறது! இதில் 'விடாது கருப்பு' மட்டும் குற்றவாளி இல்லை. 2005ல் ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. இரண்டும் ஒரே வருஷம், இரண்டும் செம ஹிட், இரண்டிலும் ஒரே உடம்புக்குள் இன்னொரு ஆள். தமிழ்நாட்டில் மனநோய் என்றால் சட்டென்று எல்லோர் மனசிலும் வருகிற படம் இதுதான்: நல்லவனாக இருப்பான், குரல் மாறும், கண் மாறும், கொல்லுவான்.

நிஜத்தில் மாமாவுக்கு டாக்டர் சொன்ன நோயின் பெயர் மனச்சிதைவு. பெயரில் சிதைவு என்று இருப்பதால் ஆள் இரண்டாக உடைந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. மனச்சிதைவில் ஒருவர் இரண்டு பேராக மாறுவது கிடையாது. இல்லாத குரல் கேட்கும், இல்லாத சதி இருப்பதாகத் தோன்றும், தூக்கமும் பசியும் குழம்பும். சினிமாவில் காட்டுவது வேறு நோய், அதுவும் ரொம்ப அபூர்வம், அதையும் சினிமாவுக்காக ஊதிப் பெரிசாக்கினது. அதைவிட முக்கியம், இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் அடி வாங்குகிறார்கள், ஏமாற்றப்படுகிறார்கள், கட்டப்படுகிறார்கள்.

தெருவில் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்ட பெண்களை அவளால் முழுசாகத் திட்ட முடியவில்லை. அவர்களும் 'சந்திரமுகி' பார்த்தவர்கள்தானே. அவளே இரண்டு தடவை கைதட்டிப் பார்த்த கிளைமாக்ஸ்தானே இது.

சிறுவாச்சூர் திங்கட்கிழமை

ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானதும் சுலபமாக இல்லை. அம்மாயி ஒரே பிடி. முதலில் சிறுவாச்சூர், அப்புறம்தான் மற்றது.

பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: திருச்சி - சென்னை ரோட்டில் பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் சிறுவாச்சூர். அங்கே மதுரகாளியம்மன். சாதாரண நாட்களில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறந்திருக்கும். மற்ற நாளில் அம்மன் பக்கத்து மலையில் இருப்பதாக நம்பிக்கை.

அவள் அம்மாயியிடம் வாதாடினாள். லாஜிக் பேசினாள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் தப்பு என்றாள். அம்மாயி பதிலுக்கு சிறுவாச்சூர்க் கதையைச் சொன்னார்.

அந்த இடம் முதலில் செல்லியம்மனுடையதாம். ஒரு மந்திரவாதி தவம் பண்ணி வரம் வாங்கி அந்த அம்மனையே தன் கட்டுக்குள் வைத்துக்கொண்டானாம். சொன்ன வேலையெல்லாம் செய்ய வைத்தானாம். அப்போது மதுரைப் பக்கமிருந்து கோபம் தணியாமல் வந்த ஒரு பெண் தெய்வம், ராத்தங்க இடம் கேட்டதாம். "இங்க தங்காத தாயி, நானே இவன்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று செல்லியம்மன் சொன்னதாம். வந்தவள் போகவில்லை. தங்கி, மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் இடத்தை அவளுக்கே விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் பூஜையில் முதல் தீபாராதனை மலையைப் பார்த்துத்தான்.

"சாமியவே ஒருத்தன் கட்டிப்போட்டான் பாரு. நம்ம புள்ள எம்மாத்திரம்? சாமிக்கே ஒருத்தி தொணைக்கி வரவேண்டி இருந்துச்சு" என்றார் அம்மாயி.

பி.எஸ்சி. லாஜிக்குக்கு அதற்கு மேல் பதில் இல்லை! திங்கட்கிழமை சிறுவாச்சூர், செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரி என்று ஒப்பந்தம் ஆனது. இரண்டு இடத்துக்கும் மாமா மறுப்பு சொல்லாமல் வந்தார். மனநல டாக்டர், கோயிலுக்குப் போய்விட்டு வந்ததைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கோயிலுக்கு எப்ப வேணா போங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. குணமாயிட்ட மாதிரி தோணுறப்பதான் நெறைய பேரு நிறுத்துறாங்க, அப்பதான் திரும்ப வரும்" என்றார். மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை.

அவள் பிறகு தேடிப் படித்த ஒரு விஷயம். 2002ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்ற பெரிய மருத்துவ இதழில் ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் உள்பட சிலர், தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள். கோயிலில் மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது, அடி கிடையாது. கூட ஒரு சொந்தக்காரர் தங்கணும், காலையில் பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணி ஊற்றுவது மாதிரி சின்ன வேலைகள். சில வாரம் கழித்து அளந்து பார்த்தால் நோயின் அறிகுறிகள் சராசரியாக 20 சதவீதத்துக்குக் கிட்டக் குறைந்திருந்தன. மிரட்டல் இல்லாத, அரவணைக்கிற இடம்தான் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள்.

கோயில் மாத்திரைக்குப் பதில் ஆகாது. ஆனால் அம்மாயி சொன்ன "பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கலாம்" என்பதை ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை எண் போட்டுச் சொன்ன மாதிரி அவளுக்கு இருந்தது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து அம்மாயியிடம் காட்டினாள். அம்மாயி அதில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். ஹி ஹி.

சப்புனு ஆயிடுச்சா?

அம்மா சொன்னது மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் தெரிந்தால் மர்மம் சப்பென்று ஆகிவிடுமா?

பெரம்பலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது சாத்தனூருக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். ஒரு ஓடைப் பக்கத்தில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கும். 1940ல் புவியியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் எல்லாம் கடல், அதில் அடித்து வரப்பட்டு மண்ணுக்குள் புதைந்து மெல்ல மெல்லக் கல்லாகிவிட்ட மரம். காரை பக்கம் போனால் கடல் சிப்பிகள் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாமா லாரியில் அடித்த சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுவிட்டுப் போன சொத்துதான்.

கல்லான மரத்தை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ சாபம் என்று நினைத்தாள். டீச்சர் கடல் கதையைச் சொன்னதும் சப்பென்று ஆகவில்லையே! வெங்காயமும் பருத்தியும் விளைகிற இந்தக் காட்டில் ஒரு காலத்தில் கடல் அடித்தது என்றதும் இன்னும் வாயைப் பிளந்தாள். பயம்தான் போனது.

மாமா விஷயத்திலும் அதுதான் நடந்தது. "கருப்பு பேசுது" என்றபோது வீடே ஒடுங்கிப்போயிருந்தது. பெயர் தெரிந்த நோய் என்றானதும், சரி, இதற்கு இத்தனை மணிக்கு இந்த மாத்திரை, இத்தனை மணி நேரம் தூக்கம், மாசம் ஒரு தடவை டாக்டர் என்று ஒரு பிடி கிடைத்தது. முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உடம்பு போட்டிருக்கிறார். கை லேசாக நடுங்குகிறது. லாரி இப்போதைக்குக் கிடையாது. சத்தம் இன்னும் சில நாள் வருகிறதாம்.

ஒரு நாள் சீரியல் நடுவில் அவரே சொன்னார்: "டிவில காட்டுற மாதிரி இவ்ளோ சத்தமா எல்லாம் வராது பாப்பா. பக்கத்து வீட்டுல ரேடியோ பாடுற மாதிரி இருக்கும். என்னா பாட்டுன்னு தெரியாது. நம்மளப் பத்தித்தான்னு மட்டும் தெரியும்." இத்தனை எபிசோடில் எந்த வசனமும் அவளை அப்படிப் பிடித்து உலுக்கியதில்லை.

கடைசி எபிசோடு

போன ஞாயிறு. கடைசி நாலு எபிசோடு. அன்றைக்கு மாமா திண்ணையில் இருந்து எழுந்து உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் 'கொலை பண்ணினது மனநோயாளி' என்று அந்தச் சின்ன ஸ்க்ரீன் சொல்லப்போகிறது. அவர் முன்னாலேயே. நிறுத்திவிடலாமா? நெட் இல்லை என்று பொய் சொல்லலாமா? அம்மாவைப் பார்த்தாள். அம்மா செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூணாவது எபிசோடு பாதியில் மாத்திரை வேலையைக் காட்டியது. சுவரில் சாய்ந்தபடியே மாமா தூங்கிவிட்டார். அம்மாயி ஒரு தலகாணி கொண்டுவந்து வைத்தார். மற்ற மூணு பேரும் சவுண்டைக் குறைத்து முடிவைப் பார்த்து முடித்தார்கள். ஆக, இரண்டாவது தடவையும் மாமா கடைசி எபிசோடைப் பார்க்கவில்லை. முதல் தடவை கரண்ட், இந்தத் தடவை மாத்திரை.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது கேட்டார். "யாரு பாப்பா கருப்பு?"

அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். அவள் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. இவரிடம் பொய் சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள், பொய் சொல்லித்தான் லாரிச் சாவியை வாங்கினார்கள். போதும்.

"அந்த ராஜேந்திரன்தான் மாமா. அவனுக்கு உடம்பு சரியில்ல. சின்னப்புள்ளையில இருந்தே. யாரும் கவனிக்கல."

"உடம்புன்னா? எனக்கு மாதிரியா?"

"உங்களுக்கு மாதிரி இல்ல. வேற. கொலை பண்றதெல்லாம் கதைக்காக வச்சது."

மாமா காபியை ஆற்றி, ஒரு வாய் குடித்து, யோசித்தார். முப்பது வருஷத்துக்குக் கிட்ட மனசுக்குள் வைத்திருந்த கேள்விக்கு விடை கிடைத்த முகம் மாதிரி இல்லை. மெதுவாகச் சொன்னார்:

"பாவம். திங்கக்கெழம சிறுவாச்சூரு கூட்டியாந்துட்டு, செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போயிருக்கணும்."

அடுப்படியில் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. அம்மாயியும் சிரித்தார். அவளுக்குத்தான் சிரிப்பும் வந்தது, கூடவே வேறு என்னவோவும் வந்தது.

"அடுத்து என்னா சீரியலு?" என்றார் மாமா.

"ரகசியம் போடலாமா?"

"நாய் வருமே, அதா? அது முடிவு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்னா? பாருங்க. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கும்."

வர்ற சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு முதல் எபிசோடு.

(பி.கு: யாருக்காவது வீட்டில் இப்படி ஒரு திண்ணை இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கிடையாது. தமிழிலேயே பேசுவார்கள்.)